கிரீட்மூரில் வென்றது எது?

1874 செப்டெம்பரில், நியூயோர்க்கை அடுத்த கிரீட்மூர் சுடுதிடலில் அமெரிக்கர் 934 புள்ளிகளும் அயர்லாந்தினர் 931 புள்ளிகளும் பெற்றனர். வாய்வழி மருந்திடும் பழைய துவக்கைப் பின்புறம் திறக்கும் புதிய துவக்கு வென்றது என்றே இதனை எழுதி வருகிறார்கள். நான் இதை ஏற்பதற்கில்லை.

அயர்லாந்து வீரர் மில்னரின் சன்னம் ஒன்று வேறொரு இலக்கின் நடுமையத்தில் பட்டது. தமது இலக்கில் பட்டிருந்தால் 4 புள்ளிகள், கிடைத்ததோ பூச்சியம். தோல்வியின் இடைவெளி வெறும் 3. இதில் புதிய துவக்கின் பெருமை எங்கே வந்தது?

800, 900, 1000 யார் தூரத்தில் வெற்றியைத் தீர்மானிப்பவை குறிகாட்டியும் மருந்தும்தாம். அவ்வளவு தூரத்தில் சன்னம் பெரிதும் தாழ்ந்துவிடும்; எனவே பின்குறியின் உயரத்தை வேணியர் அளவிடையால் நுணுக்கமாக மாற்றவேண்டும். துவக்கு சற்றே சரிந்தாலும் சன்னம் பக்கவாட்டில் விலகும். முன்குறியில் மட்டக்குமிழி பொருத்துவது அதற்காகவே. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக மிஞ்சும். அக்கரியைக் கவனியாதவனுக்கு அடுத்த வெடி முந்திய வெடிபோல் அமையாது. மருந்தைக் கூட்டினால் குறி தப்பாது என்று இன்றும் வாதிடுவோர் உளர். நிச்சயமாகக் கூடுவன உதைப்பும் கரியுமே. வேண்டியது மிகுதியன்று, ஒவ்வொரு வெடிக்கும் மாறாத நிறை.

பின்திறப்பின் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தவனின் பொறுமையையும் குறிபார்த்தவனின் கண்ணையும் மறந்து இரும்புக்கு மாலை சூட்டுவது வரலாறன்று, விளம்பரம்.