பன்னேர்கட்டா வசூலில் ராகிக் காட்டுக்கும் பங்கு

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வார இறுதியில் பன்னேர்கட்டாவுக்குப் போகிறவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டு, 2002-இல் தேசியப் பூங்காவிலிருந்து பிரிக்கப்பட்ட உயிரியல் பூங்காவுக்கானது. அதை நடத்துவது கர்நாடக உயிரியல் பூங்கா ஆணையம். 1974-இல் தேசியப் பூங்காவான காடோ வனத்துறையின் பொறுப்பு. கூண்டுகளையும் சஃபாரி வண்டிகளையும் பராமரிக்கப் பணம் வேண்டும்தான். ஆனால், அந்தக் காட்டிலிருந்து தமிழ்நாட்டின் ஜவளகிரிக் காடுகளுக்குப் போய்வரும் யானைகளிடம் ராகியைப் பறிகொடுக்கும் விவசாயிக்கும் இந்த வசூலில் பங்கு சேர வேண்டும். அதற்காகக் கட்டணம் கூடினால் ஏழைக் குடும்பங்கள் வர முடியாது என்பது நியாயமான கவலை. எனவே ஆள் கட்டணத்தைத் தொடாமல், கார் நிறுத்தக் கட்டணத்தை மட்டும் உயர்த்தலாம். அரசுதான் இழப்பீடு தருகிறதே என்பார்கள். அது பயிர் அழிந்த பிறகு வரும் பணம். வேலியும் இரவுக் காவலும் கதிர் முற்றும் முன்பே வேண்டும்.