குறையே சாட்சி

மதுவை வெறுக்கும் இல்லங்களில் பீர்க் குவளையைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் வினவலாம். குடித்தவன் செய்த பாவத்தில் பாத்திரத்துக்குப் பங்கில்லை என்பது நம் கட்சி.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியக் குயவர்கள் 'பயான்ஸ்' என்னும் வகை மண்பாண்டத்தில் இக்குவளைகளைச் செய்தார்கள். டச்சுக் கப்பல்கள் கொணர்ந்த சீனப் பீங்கானைக் கண்டு ஐரோப்பா மயங்கியிருந்த காலம் அது. பீங்கானின் இரகசியம் கைவராததால், சாதாரணக் களிமண்ணைச் சுட்டு, வெள்ளீயச் சாம்பல் கலந்த பூச்சினால் வெண்மையாக்கி, அதன்மேல் சித்திரம் தீட்டினார்கள். ஹனாவ் நகரில் 1661-ல் டச்சுக்காரர் இருவர் தொழிற்சாலை தொடங்கினர். பிராங்க்பர்ட்டில் 1666-லும், நியூரம்பர்க்கில் 1712-லும் இத்தொழில் வேரூன்றியது.

பழைய குவளையை அறிவது எப்படி? அழகை விட்டு, குறையைப் பார்க்க வேண்டும். விளிம்பு உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பூச்சின் கீழ் மங்கிய மண் தெரிந்தால் அது பயான்ஸ். உள்ளும் வெண்மையேயானால் பீங்கான். தலைகீழாகத் திருப்பினால் அடிப்பாகம் பெரும்பாலும் பூச்சின்றி இருக்கும். உட்புறத்தில் சக்கரத்தில் வனைந்த வரிகளை விரலால் உணரலாம். சுடாத பூச்சின்மேல் தூரிகை இழுத்த கோட்டை அழித்தெழுத இயலாது. ஆகவே உண்மைச் சித்திரத்தில் கைநடுக்கமும் தெரியும். அச்சடித்தாற்போல் ஒழுங்காயிருந்தால் ஐயுறுக!

மூடியோ, நம் வீட்டு ஈயச் சொம்பைப் போல் வெள்ளீயத்தாலானது. அதில் உரியவரின் பெயரெழுத்துக்களும் ஆண்டும் பொறித்திருப்பதுண்டு. அந்த ஆண்டை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடலாகாது. பழைய குவளைக்குப் புது மூடியும், பழைய மூடிக்குப் புதுக் குவளையும் வாய்ப்பது எளிது.

இத்தொழில் மாண்ட கதை சிறியது. 1710-ல் மைசன் நகரில் பீங்கான் தொழிற்சாலை பிறந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், மலிவும் உறுதியும் வாய்ந்த இங்கிலீஷ் மண்பாண்டங்கள் கடைகளை நிரப்பின. பயான்ஸ் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நூறாண்டு கழிந்து, பழையவற்றுக்கு மதிப்பு ஏறியதும், போலிகள் புறப்பட்டன.

உயிரோடிருந்த கைத்தொழிலுக்கு ஆதரவு தராத உலகம், அது மடிந்தபின் அதன் போலியைத் தேடி அலைகிறது. சீமைச் சரக்கின் சரித்திரம் அறிந்த நம் வாசகர்களுக்கு இதற்குமேல் வியாக்கியானம் வேண்டுமோ?