பஞ்சப்படிக்கு ஒண்ணா நிப்போம், பானைத் தண்ணிக்கு?

எனக்கு ஊர் இனயம். கடற்கரையில் இல்லை, கரையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் சாம்பவர் குடியிருப்பு. அப்பன் தோப்பில் மண்வெட்டி பிடித்தவர். அம்மை மடலும் சுள்ளியும் சுமந்தவள். நான் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூடப் பணியாளாகச் சேர்ந்து, பிறகு அலுவலகத்துக்கு மாறி, முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேராசிரியன் இல்லை. அவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. பார்த்ததைச் சொல்கிறேன். பார்த்தும் பேசாமல் இருந்ததையும் சொல்கிறேன்.

உதவித்தொகை விண்ணப்பம் வாங்குகிற நாள். சன்னலுக்கு முன்னால் கூட்டம். மேசையில் இருந்த சக ஊழியர் எழும்பி நின்று சத்தமாகச் சொன்னார்: "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க. மத்தவங்க முதல்ல வரட்டும்." வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, புதுசாகச் சேர்ந்தவள், அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்த வருஷம் அவள் விண்ணப்பம் வரவேயில்லை. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். குனிந்து பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

வாய் திறந்தது ஒரே ஆள்தான். வராந்தாவில் தூத்துக்கொண்டிருந்த அக்கா. "ஏன் சாரே, அந்தப் பிள்ளைய வெரட்டி விட்டீங்க?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "நான் எங்க வெரட்டினேன்? சட்டத்தில உள்ள பேரைத்தானே சொன்னேன்."

நான் ஏன் பேசவில்லை? பேசினால் என் சாதி வெளியே வந்துவிடும். நான் கிறிஸ்தவன். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை இந்துவாக இருக்கிற தலித்தை மட்டும்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கிய தலித்துக்கும் 1990இல் பௌத்த தலித்துக்கும் கதவு திறந்தது. வேதத்தில் சேர்ந்தவனுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டுக் காகிதத்தில் நான் பிற்படுத்தப்பட்டவன், ஊருக்குள் பறையன். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னைப் போல எத்தனை பேர் எத்தனை அலுவலகங்களில் ஒளிந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் சங்கத்தில் அவளுக்கு இடமில்லை. எங்கள் டம்ளர்களை அவள்தான் கழுவுவாள். ஆனால் எங்கள் அறைப் பானையில் அவள் தண்ணீர் மொண்டு குடித்து நான் பார்த்ததில்லை. குழாயடியில் கை ஏந்திக் குடிப்பாள். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் குடி என்றும் சொல்லவில்லை.

1918இல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்து வந்தவர். ஆசிரியர்களுக்கு வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபித்தது மாணவன் அல்ல, வாட்ச்மேன் அல்ல. படித்து, படிப்பிக்கிற ஆட்கள். பானை போய் இப்போது கேன் வந்திருக்கிறது. மற்றது போயிற்றா?

இனி என் கேள்வி. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1,70,000 பேரை அன்றைய அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. அப்போதும் நின்றார்கள். ஓய்வூதியத்துக்கும் பஞ்சப்படிக்கும் இவர்களுக்கு ஒன்று சேரத் தெரியும். ஊர்வலம் தெரியும், உண்டியல் தெரியும், நீதிமன்றப் படி தெரியும். ஆனால் சாதி என்று வந்தால் 'அது எஸ்.சி. ஊழியர் சங்கம் பார்த்துக்கொள்ளும்'. அடி வாங்குகிறவனே காயத்துக்கும் மருந்து தேட வேண்டும். இதற்குப் பேர் ஒற்றுமையா?

2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாற்றுத் தாளில் ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? கீழே நாலு விடை, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியார் பேரில் உள்ள பல்கலைக்கழகம்! கேள்வி போட்டவரை மட்டும் திட்டிவிட்டுப் போய்விட்டோம். நான் தேர்வு வேலை பார்த்தவன், சொல்கிறேன். ஒரு வினாத்தாள் எழுதுகிறவர், அச்சுக்கோக்கிறவர், கட்டுகிறவர், பிரிக்கிறவர், அறையில் கொடுக்கிறவர் என்று பல கை மாறித்தான் மாணவன் கைக்கு வருகிறது. இரகசியம் என்பதால் முன்னால் படிக்க முடியாது என்பார்கள். சரி, பிரித்த பிறகு? இத்தனை கைகளில் ஒன்றுக்கும் அது உறைக்கவில்லை என்றால் அது ஒரு ஆளின் பிழை இல்லை, அந்த இடத்தின் பழக்கம்.

பழக்கம் கணக்கிலும் ஒளிந்திருக்கும். 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக எடுக்காமல் துறைதுறையாக இடஒதுக்கீட்டைக் கணக்கிடு என்றது. 2018 மார்ச்சில் யூஜிசி அதை உத்தரவாக்கியது. கேட்க நியாயமாக இருக்கும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சுழற்சிப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டவருக்கு 4ஆவது இடம், பட்டியல் சாதிக்கு 7ஆவது, பழங்குடிக்கு 14ஆவது. ஆறு பணியிடம் உள்ள துறையில் தலித் எந்தக் காலத்தில் நுழைவான்? சட்டத்தில் இடஒதுக்கீடு இருக்கும், நாற்காலியில் ஆள் இருக்காது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன் பிறகுதான் ஆசிரியர் சங்கங்களும் மாணவர்களும் தலித் பகுஜன் அமைப்புகளும் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 5ஆம் தேதி பாரத் பந்த். மார்ச் 7ஆம் தேதி அவசரச் சட்டம். ஜூலையில் நாடாளுமன்றச் சட்டம். பல்கலைக்கழகமே அலகு என்று மறுபடி ஆயிற்று. சேர்ந்து நின்றால் நடக்காது என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தை எடுங்கள். 2008இல் சேலத்துப் பிள்ளை செந்தில்குமார் அங்கே செத்தான். 2016 ஜனவரி 17 ரோஹித் வெமுலா செத்தான். அந்தத் தண்டனையை ஒரு தலித் பேராசிரியரும் சேர்ந்துதான் கொடுத்தார் என்று மத்திய அமைச்சர் பேசியபோது, அங்குள்ள எஸ்.சி., எஸ்.டி. ஆசிரியர் அலுவலர் மன்றம் அதைப் பொய் என்று வெளிப்படையாகச் சொன்னது. தலித் பேராசிரியர்கள் தங்கள் நிர்வாகப் பொறுப்புகளைத் துறந்தார்கள். மரியாதைக்குரிய காரியம். ஆனால் அதிலும் பாருங்கள், பதவியை விட முதலில் முன்வர வேண்டியிருந்தது தலித்துகள்தான். மற்ற நாற்காலிகள்?

கடலுக்கு அப்பால் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், அப்போது 23 வளாகம். மாணவர் சங்கம் 2021இல் தீர்மானம் போட்டது. ஆசிரியர் சங்கம் கூட நின்றது. 2022 ஜனவரியில் பாகுபாட்டுத் தடையில் சாதி என்ற சொல் ஏறியது. அங்கே ஆசிரியர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு சாதியும் பேசப்பட்டது. நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அதற்கு எத்தனையாவது இடம்?

"சாதியைப் பேசினால் சங்கம் உடையும்" என்பார்கள். எங்கள் கரையில் கரமடி இழுப்பார்கள். இரண்டு கயிற்றிலும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மடி கோணும், மீன் வெளியே போகும். நம் சங்கத்தில் இத்தனை நாளும் ஒரு கயிற்றைத்தான் இழுத்திருக்கிறோம். உடைவது நாங்கள் பேசுவதால் அல்ல, மற்றவர்கள் பேசாததால்.

யூஜிசி விதி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2012இல் ஒரு விதி வந்தது, பல இடங்களில் கோப்போடு நின்றது. ரோஹித்தின் தாயும் பாயல் தத்வியின் தாயும் நீதிமன்றம் ஏறிய பிறகு, 2026 ஜனவரியில் புது விதி வந்தது. அந்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. விதி வந்து வந்து போகும். சன்னலில் நிற்கிற பிள்ளைக்கு அன்றைக்கே ஆள் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தூப்பு வேலை செய்கிறவள், காவலாளி, ஒப்பந்த ஆள் எல்லோரும் சங்க உறுப்பினர் ஆகட்டும். சாதிச் சமத்துவத்துக்கு ஒரு குழு, அதில் அவர்களுக்கும் மாணவர்க்கும் வாக்கோடு இடம். பணியிடச் சுழற்சிப் பதிவேட்டை வருஷா வருஷம் சங்கப் பலகையில் ஒட்டு. உதவித்தொகைச் சன்னலில் சாதி சொல்லிக் கூப்பிடாதே. யாராவது கூப்பிட்டால் முதலில் எழும்ப வேண்டியது தலித் அல்லாத ஊழியர். இதற்குப் பணம் தேவையில்லை.

இளைய தோழர்களே, எனக்கு வேலையில் இருந்தபோது வராத வாய் இப்போது வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அதனால் பிரயோசனம் இல்லை. உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது, மேசை இருக்கிறது. பதிவேட்டில் குனியாதீர்கள்.