பாயை நனைச்சதுக்கு ஹாஸ்டலா?

டிஸ்கி: மூத்திரம் பத்தின பதிவு இது. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அப்புறமா வாங்க. முகம் சுளிக்கிறவங்க மட்டும் கண்டிப்பா இருங்க, உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை ஆணி கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சதால பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டேன். ஊர் மேல்விஷாரம். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவுல, தோல் வாசனை வந்தா இறங்க ரெடியாகணும் :-) மறுநாள் காலையில அக்கா வீட்டுக்குப் போனா மொட்டை மாடியில பாய், போர்வை, ரெண்டு பெட்ஷீட் காயுது. அக்கா பையன், எட்டு வயசு. என்னைப் பார்த்தா எப்பவும் ஓடிவந்து தோள்ல ஏறுறவன், அன்னைக்கு மாடிப்படிக்குக் கீழ போய் ஒளிஞ்சுக்கிட்டான்.

விஷயம் இதுதான். பையன் ராத்திரி தூக்கத்துல ஒண்ணுக்குப் போயிடறான். வாரத்துக்கு நாலு நாள். அக்கா ஷூ கம்பெனிக்குப் போறவ. காலையில கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள சமைச்சு, மூத்திரத் துணியையும் அலசிப் போட்டுட்டு ஓடணும். அவ கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஒரு தீர்ப்பு குடுத்திருக்காரு பாருங்க, அங்கதான் எனக்கு பிபி ஏறிடுச்சு.

"ஜூன்ல ஹாஸ்டல்ல போட்டுடறேன். நாலு பசங்க முன்னாடி அசிங்கப்பட்டான்னா தானா நிக்கும். இன்னா சொல்ற நீ?"

நான் இன்னா சொல்றேன்னா, 2012 ஜூலையில நடந்த ஒண்ணைச் சொல்றேன். இடம் சாந்திநிகேதன். ஆமாங்க, தாகூர் உண்டாக்கின அதே விஸ்வபாரதி. அதோட பள்ளிக்கூடமான பாட பவனத்துல, கரபி ஹாஸ்டல்ல, அஞ்சாவது படிச்ச ஒரு பொண்ணு படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டா. வார்டன் அது மேல உப்பைத் தூவி நக்க வெச்சாங்கன்னு புகார். நாடே கொதிச்சுது. இதை நிறுத்துறதுக்கான பழைய நாட்டு வைத்தியம்னு ஒரு சமாதானம் வேற. வார்டன் கைதாகி ஜாமீன்ல வந்தாங்க. இதுல கொடுமை என்னன்னா, கோபத்துல ஹாஸ்டலுக்குள்ள போன அப்பா அம்மா மேலயும் அத்துமீறி நுழைஞ்சதா கேஸ் போட்டு அவங்களையும் கைது பண்ணாங்க.

நோபல் பரிசு வாங்கினவர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துலயே இந்தக் கதின்னா, மாமா விசாரிச்சு வெச்சிருக்கிற ஹாஸ்டல்ல எட்டு வயசுப் பையனுக்கு என்ன நடக்கும்? வார்டன் நல்லவராவே இருக்கட்டும். கூட இருக்கிற முப்பது பசங்க? பேர் வெச்சுடுவாங்க சார். எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னா... சரி, சொல்லிடறேன். நானும் ஆறாவது வரைக்கும் பாயை நனைச்சவன்தான். பேர் எழுதிப் போடுற அளவுக்கு வளர்ந்த பிறகும் கல்யாணத்துக்கு வெளியூர் போனா ராத்திரி பூரா தூங்காம உக்காந்திருப்பேன். பத்து வயசுல ஒரு சொந்தக்காரர் வீட்டுல நனைஞ்ச பாயைத் தலையில தூக்கி வெச்சுத் தெருமுனை வரைக்கும் நடக்க விட்டாங்க. 'வெக்கம் வந்தா நிக்கும்'னு அவங்களும் சொன்னாங்க. வெக்கம் நல்லா வந்துது. மூத்திரம் நிக்கல. அதுக்கப்புறமும் ஒண்ணரை வருஷம் போச்சு. இன்னைக்கும் அந்தத் தெருப் பக்கம் பைக்கைத் திருப்ப மாட்டேன்.

ஜார்ஜ் ஆர்வெல் தெரியுமில்ல, 'விலங்குப் பண்ணை' எழுதினவர். அவரை எட்டு வயசுல ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல போட்டாங்க. போன கொஞ்ச நாள்லயே படுக்கையை நனைக்க ஆரம்பிச்சு, அதுக்குச் சாட்டையால அடி வாங்கினாரு. அதைப் பத்தி ஒரு பெரிய கட்டுரையே எழுதி வெச்சிருக்காரு. அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1952லதான் வெளியே வந்துது. கவனிங்க, வீட்டுல நனைச்சதுக்காக அவரை ஹாஸ்டல்ல போடல. ஹாஸ்டல்ல போட்ட பிறகுதான் நனைக்கவே ஆரம்பிச்சாரு. மாமாவோட வைத்தியம் அப்படியே தலைகீழ்.

இது சோம்பேறித்தனம், திமிர்னு நினைக்கிறவங்களுக்கு, நம்ம பொட்டி தட்டுற பாஷையிலயே சொல்றேன். பை நிறைஞ்சதும் மூளைக்கு ஒரு இன்டரப்ட் போவுது. நமக்கு அது வந்ததும் முழிப்பு வந்துடும். சில பசங்களுக்கு சிக்னல் வருது, எடுக்க வேண்டிய ஆள் எழுந்திரிக்கிறதில்ல. இன்னும் சிலருக்கு ராத்திரியில சிறுநீரைக் குறைக்கிற ஹார்மோன் போதுமான அளவு சுரக்கறதில்ல, அதனால பை சீக்கிரம் ரொம்பிடும். தூங்குற பையன் இதுல எந்தத் தப்பைப் பண்ணான், நீங்க அடிக்கிறதுக்கு?

அஞ்சு வயசுல நூத்துக்குப் பதினஞ்சு பிள்ளைங்க இப்படித்தான். அப்புறம் வருஷா வருஷம் மிச்சம் இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய ஏழுல ஒருத்தருக்குத் தானாவே நின்னுடும். தாயத்து கட்டின வருஷம் நின்னா தாயத்துக்குப் பேரு, சூடு வெச்ச வருஷம் நின்னா சூட்டுக்குப் பேரு. நம்ம ஊர் வைத்தியம் எல்லாம் பாஸாகிற ரகசியம் அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இது குடும்பத்துல வர்றது. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்திருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குக் கிட்ட. ரெண்டு பேருக்கும் இருந்திருந்தா நாலுல மூணு. இதைப் படிச்சதும் எனக்கு ஒரு சந்தேகம். நேரா மாமாவோட அம்மாகிட்ட போய் உக்காந்தேன்.

"அத்தை, மாமா சின்ன வயசுல எப்படி?"

"அத்த ஏன் கேக்கற தம்பி. ஏழாவது போற வரைக்கும் என் பொடவையை நனைச்சிகினே இருந்தான். உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

அவ்வ்வ்வ்!

சரி, அடிக்காம என்னதான் பண்றது? முதல்ல பகல்ல நடக்கிறதைப் பாருங்க. ஸ்கூல்ல கக்கூஸ் நாறுதுன்னு பையன் காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. பாட்டில் குடுத்தது குடுத்தபடி திரும்பி வருது. சாயந்திரம் வந்து ஒரு சொம்பு, ராத்திரி சாப்பாட்டோட ஒரு சொம்பு. பகல் கணக்கைப் பகல்லயே குடிக்க வெச்சு, ராத்திரி குறைக்கணும். படுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம். மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், குடல் பையை அமுக்கும். நனையாத நாளுக்குப் பரிசு, நனைஞ்ச நாளுக்குத் திட்டுன்னு வைக்காதீங்க, அது அவன் கையில இல்ல. பாத்ரூம் போயிட்டுப் படுத்தா பாராட்டுங்க, அது அவன் கையில இருக்கு.

இதுக்கு மேல போனா அலாரம். முதல் சொட்டு பட்டதும் கத்தும். 1904ல பஃபௌண்ட்லர்னு ஒரு ஆஸ்திரிய டாக்டர், நனைஞ்ச பிள்ளைக்குத் துணி மாத்த நர்சுக்குத் தெரியணுமேன்னு மணி வெச்சாரு. பார்த்தா பிள்ளைங்களுக்கே சரியாக ஆரம்பிச்சுது! ரெண்டு மூணு மாசம் பொறுமையா வெச்சா மூணுல ரெண்டு பேருக்குக் கேட்குது. முதல்ல அலாரம் அடிச்சா அவன் எழுந்திரிக்க மாட்டான், நாமதான் எழுந்து அவனை எழுப்பணும். டெஸ்மோப்ரெசின்னு மாத்திரையும் இருக்கு, ஆனா அதைப் போட்ட ராத்திரி தண்ணி குடிச்சா உடம்புல உப்பு குறைஞ்சு ஆபத்தாயிடும். டாக்டர் சொல்லாம தொடக்கூடாது. நல்லா இருந்த பிள்ளை திடீர்னு நனைக்க ஆரம்பிச்சாலோ, போகும்போது எரிஞ்சாலோ, பகல்லயும் ஒழுகினாலோ, ஓயாம தாகம் எடுத்து இளைச்சாலோ, உடனே ஓடுங்க. கிருமியா இருக்கலாம், சர்க்கரையாவும் இருக்கலாம்.

எங்கே ஓடறதா? வங்காளத்துல இருந்து ரயில்ல நாள் கணக்கா உக்காந்து ஜனங்க வேலூர் சி.எம்.சி.க்கு வர்றாங்க. நமக்கு டவுன் பஸ் தூரம். இந்தப் பையனுக்கு இதுவரைக்கும் ரெண்டு கயிறு கட்டியாச்சு, ஒரு தடவை மந்திரிச்சாச்சு. டாக்டர்கிட்ட ஒரு தடவை கூடக் கூட்டிட்டுப் போகல.

ஆறு முதல் பதினாலு வயசுப் பிள்ளையை ஸ்கூல்ல அடிக்கக்கூடாது, மனசையும் வதைக்கக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுல இருக்கு. வீட்டுக்கும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

மாமா திங்கக்கிழமை ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டப் போறேன்னு சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டுல எல்லாரும் இருப்போம். அத்தைக்குக் குடுத்த வாக்கை மீற வேண்டாம்னுதான் பார்க்கிறேன். ஆனா மாமா ஹாஸ்டல்னு வாயைத் திறந்தா, ஏழாவது வகுப்பு விஷயம் சாப்பாட்டுத் தட்டுக்கு நடுவுல வந்து விழும். சனிக்கிழமையே பையனை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், என் பாய் கதையை மட்டும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பார்த்தான். "நீயா மாமா?"ன்னு மூணு தடவை கேட்டுட்டுத் தோள்ல ஏறிக்கிட்டான்.