ஊசியும் நோன்பும்

ஏலக்காய்க் கடையில் பகலெல்லாம் உட்கார்ந்தே வியாபாரம், இரவில் பரோட்டா. தேவாரத்திலும் போடியிலும் நம்மவர்களுக்குத் தொந்தி விழுவதில் வியப்பென்ன? அதைக் கரைக்க இப்போது வார ஊசி. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும், ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தன. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அவ்வாண்டு வெளியான ஆய்வில், 72 வாரங்களில் முன்னதால் 20.2 சதவீதம், பின்னதால் 13.7 சதவீதம் எடை குறைந்தது. அது சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வு என்பதை நம் வியாபாரிகள் கவனிக்கவும்.

சகோதரர்களே! குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இரண்டிலுமே உண்டு. அதனால்தான் மவுன்ஜாரோவை 2.5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரம் கழித்தே 5 ஆக்குகிறார்கள். சீக்கிரம் இளைக்க நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். எண்ணெயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். விடாத வயிற்றுவலி முதுகுக்குப் பாய்ந்தால் கணையம் வீங்கியிருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ரமளான்தான் நமக்குப் பெரிய சோதனை. வாந்தியெடுத்த உடம்பு பகல் முழுதும் தண்ணீரின்றி இருந்தால் சிறுநீரகம் தாங்காது. ரமளானை ஒட்டி ஊசியைத் தொடங்கவோ அளவைக் கூட்டவோ வேண்டாம். இன்சுலினும் சேர்த்துப் போடுபவர் ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்க்கட்டும். சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். ஊசி நோன்பை முறிக்குமா என்று கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றுதானே, நோன்பு திறந்தபின் போட்டுக்கொள்ளலாம். நோயாளி பின்னர் களாச் செய்ய மார்க்கம் அனுமதித்திருக்கிறது. கல்யாண மேடைக்காக இளைக்கும் இளைஞர் அச்சலுகையைக் கணக்கில் வைத்து ஊசி போட வேண்டாம்.