பாரைச் சோதியாமல் குளிக்க இறங்கலாமா?

புத்தாண்டு பிறந்தாலும், தேர்வு முடிவுகள் வெளிவந்தாலும், நம் பங்குகளில் ஒரு கூட்டம் தவறாமல் நடந்துவிடுகிறது. மேடையில் 'இலக்கை நோக்கி' என்றோ, 'வெற்றிப் படிகள்' என்றோ ஒரு பதாகை தொங்கும். அண்மையில் தூத்துக்குடியில் நடந்த அத்தகைய கூட்டம் ஒன்றில் நாமும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் மூன்று மணி நேரம் பேசினார். அத்தனையையும் பிழிந்தால் எஞ்சுவது இவ்வளவுதான்: குறிக்கோளை எழுதிச் சுவரில் ஒட்டு, என்ன நேர்ந்தாலும் அதைக் கைவிடாதே, கைவிடுபவன் கோழை. பிள்ளைகள் கை தட்டினார்கள். பெற்றோர் அவர்களைவிட உரக்கத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் நம்மை எழுதத் தூண்டியது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தப் போதனை தவறானது. வேறெந்த ஊரில் சொன்னாலும் தவறுதான். முத்துக்குளித்துறையில் வந்து நின்று சொல்வது அறியாமையும்கூட. எப்போது கடலில் இறங்க வேண்டும் என்பதைவிட, எப்போது இறங்கக் கூடாது என்பதை அறிந்து பிழைத்த மக்களின் மண் இது.

முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்பதை இன்றைய தலைமுறை அறியாது. கடைசிக் குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. தோணி இருக்கிறது, ஆள் இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது என்பதற்காக யாரும் இறங்கிவிட முடியாது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்கள் இறங்கிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். சிப்பி முதிர்ந்ததா, பிஞ்சா, மணல் மூடிவிட்டதா, மீன் தின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள். எடுத்தவற்றைப் பிளந்து, கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கணக்கிடுவார்கள். கணக்கு ஒத்துவந்தால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும். இல்லையென்றால் அந்தப் பாரை விட்டுவிடுவார்கள்.

1830-க்கும் 1856-க்கும் இடைப்பட்ட காலத்தில் தூத்துக்குடிப் பார்கள் 13 முறை சோதிக்கப்பட்டன. 13 முறையும் போதிய முதிர்ந்த சிப்பிகள் இல்லை என்றே தெரிந்தது. ஒரு முறைகூடக் குளிப்பு நடத்தப்படவில்லை. சோதனைக்கே செலவாகிவிட்டதே, ஆட்களைத் திரட்டிவிட்டோமே, ஆகவே இறங்கித்தான் பார்ப்போமே என்று எவரும் சொல்லவில்லை. அன்று ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நம் முன்னோர்மேல் பரிவு ஏதுமில்லை. வருமானக் கணக்குப் பார்த்துத்தான் ஒதுங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாரின் நிலையைக் கண்ணால் கண்டு வந்து சொன்னவர்கள் நம் குளியாட்களே. இல்லாததை இல்லை என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. அதே மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையில், 1905-ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த ஆண்டின் களிப்பு அடங்குமுன்னே இங்கிலாந்தில் ஒரு கம்பெனி உருவாகி, 1906 முதல் 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையோ பெரிது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. செழித்த ஓராண்டைப் பார்த்து 20 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டதுதான் அவர்கள் செய்த பிழை. பதினேழு வயதுப் பிள்ளையின் ஒரு தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து அதன் ஆயுளுக்கே கையெழுத்திடும் நாம் அவர்களைப் பார்த்து நகைக்க இயலுமா?

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறோம். தகப்பன் நாட்டுப் படகு வைத்துத் தொழில் செய்தவர். மகனைக் கப்பலில் அதிகாரியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் அது இயல்பான ஆசையே; குறை சொல்ல மாட்டோம். முதலில் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டினார்கள். சரிவரவில்லை. பிறகு ஒரு தரகருக்குப் பணம் கொடுத்தார்கள். அவர் நாள் கடத்தினார். மூன்றாம் முறைக்கு மனைவியின் நகையும் படகும் போயின. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பையன் கடற்கரையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். ஒலியைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவான் என்கிறார்கள். ஆனால் வீட்டில் அந்த வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. அது 'அதுவரைக்குமான' வேலையாம். தகப்பனிடம் பேசிப் பார்த்தோம். "இவ்வளவு செலவழிச்ச பிறகு எப்படிங்கய்யா விடுறது?" என்றார்.

இந்தக் கேள்வியில்தான் நம் குடும்பங்களின் துயரில் பாதி அடங்கியிருக்கிறது. செலவழித்தது போய்விட்டது. விட்டாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. இனிச் செலவழிக்கப் போவதுதான் நம் கையில் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல வேண்டிய நாமோ, அந்தத் தாயிடம் "இன்னும் ஒன்பது வாரம் நவநாள் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். செபிப்பதை நாம் பழிக்கவில்லை. நாம் முடிவு செய்துவிட்ட ஒன்றுக்கு இறைவனிடம் முத்திரை கேட்பதைத்தான் பழிக்கிறோம்.

நம்மை எதிர்ப்பவர்கள் இந்த இடத்தில் நற்செய்தியைக் கையில் எடுப்பார்கள். விலையுயர்ந்த முத்துக்காகத் தனக்கிருந்ததை எல்லாம் விற்ற வணிகனைப் பாருங்கள், அவன் அல்லவா விடாமுயற்சி உடையவன் என்பார்கள். அந்த உவமையை முத்து வணிகர்களின் ஊரார் இவ்வளவு கவனமின்றி வாசிக்கலாமா? அவன் முத்தைக் கண்ட பிறகே விற்றான். காண்பதற்கு முன் விற்கவில்லை. அவன் முத்துக்களைத் தரம் பார்க்கத் தெரிந்தவன். ஒன்றைப் பற்றிக்கொள்ள மற்ற அனைத்தையும் விட்டவன். விடுவதைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொன்ன உவமை வேறு உண்டோ?

வ.உ.சி.யையும் கூப்பிடுவார்கள். தூத்துக்குடியில் யார் எதைப் பேசினாலும் அந்தப் பெருமகன் வந்தாக வேண்டும். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டினார். 1908-ல் சிறை புகுந்தார். அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவர் என்ன செய்தார் என்பதைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. மீண்டும் ஒரு கப்பல் கம்பெனி தொடங்கவில்லை. வறுமையோடு போராடினார், பின்னர் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். நாட்டு விடுதலையில் அவர் வைத்த பற்று மாறவில்லை; அதை ஏற்றிச் சென்ற கலம் உடைந்தபோது, உடைந்த பலகையைக் கட்டிக்கொண்டு அவர் மூழ்கவும் இல்லை. ஆனால் அவரைப் பற்றிய நம் மேடைப் பேச்சுகளோ 1908-ஐத் தாண்டுவதில்லை.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. அதை நாமே மறந்திருப்பதுதான் வியப்பு. தூய இஞ்ஞாசியாரும் தூய சவேரியாரும் அவர்களுடைய தோழர்களுமாக எழுவர், 1534 ஆகஸ்டு 15 அன்று பாரிஸ் நகரத்து மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அவர்களது குறிக்கோள் இந்தியா அன்று, எருசலேம். ஆனால் அந்த வார்த்தைப்பாட்டிலேயே ஒரு கெடுவும் இருந்தது. ஓராண்டு காத்திருந்தும் எருசலேம் செல்ல இயலாவிட்டால், திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குச் செல்வது என்பதே அது. 1537-ல் வெனிஸ் நகரில் காத்திருந்தார்கள். துருக்கியரோடு மூண்ட போரால் கப்பல் புறப்படவில்லை. அவர்கள் கெடுவை நீட்டவில்லை. உரோமைக்குச் சென்று தங்களை ஒப்படைத்தார்கள். இந்தியாவுக்கென்று தெரிந்தெடுக்கப்பட்டவர் பொபதில்லா நோயுற்றதால், அவருக்குப் பதிலாக சவேரியார் 1541-ல் லிஸ்பனில் கப்பலேறினார். 1542-ல் நம் கரைக்கு வந்தார். இங்கே திருமுழுக்கு 1536, 1537-ஆம் ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் ஊர் ஊராக நடந்து, தமிழில் செபங்களைக் கற்பித்து, அதை விசுவாசமாக ஆக்கியவர் அவர். எருசலேமைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டு வெனிஸ் துறையிலேயே அவர் கிழவராகியிருந்தால் மணப்பாட்டின் குகைக்கு இன்று யார் திருப்பயணம் போவார்கள்?

அவர்கள் சபையின் அன்றாட ஆன்ம சோதனையை நம் மக்கள் பாவக் கணக்காக மட்டுமே விளங்கிக்கொண்டார்கள். இன்று நம்மை எது உயிர்ப்பித்தது, எது வறளச் செய்தது என்று கேட்பதும் அதன் பகுதிதான். எத்தனை வீடுகளில் அப்படிக் கேட்கிறார்கள்? இந்தக் குறிக்கோளை வைத்தவர் யார், எந்த ஆண்டில் வைத்தார், அதைச் சுமப்பவருக்கு அது இன்னும் வேண்டியிருக்கிறதா, அது இந்த வீட்டின் எதைத் தின்று வளர்கிறது என்று எத்தனை பெற்றோர் தம் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள்? மூன்றாம் முறையாக நீட் தேர்வுக்கு உட்காரும் பெண்ணிடம் நாம் கேட்பதெல்லாம் "எத்தனை மணி நேரம் படிக்கிறாய்?" என்பது ஒன்றே.

சோம்பலுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று சிலர் சினப்பார்கள். 13 முறை கடலுக்குள் போய்ச் சோதிப்பது சோம்பேறிகளின் வேலையா? முத்து இல்லாத ஆண்டுகளில் நம்மவர் கடலை விட்டு ஓடவில்லை. சங்கு குளித்தார்கள், மீன் பிடித்தார்கள், தோணி ஓட்டினார்கள். கொடுத்த வார்த்தைப்பாட்டையும், கட்டிய மனைவியையும், முதிய பெற்றோரையும் நாம் 'குறிக்கோள்' என்ற கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவை கடமைகள். இலாப நட்டம் பார்த்து விடுவதற்குரியவை அல்ல.

குளியாள் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குவான் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடல் தளத்தை அடைய அந்தப் பாரம் வேண்டும். தளத்தைத் தொட்டதும் அவன் கல்லை விட்டுவிடுவான். மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். பிறகு மூச்சு உள்ளவரை சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை அசைத்தால் அவனையும் தூக்குவார்கள். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தன் சகோதரி விதவையாவதை எவனும் விரும்பமாட்டான் அல்லவா. நம் பிள்ளைகளுக்குக் கயிறு பிடிக்கும் நாம், கல்லை விட்டுவிட்டு அவர்கள் கயிற்றை அசைத்தால், "கல்லை ஏன் விட்டாய்?" என்று அதட்டுகிறோம்.

பிறரைக் குறை சொன்னது போதும். இதை எழுதுகிற நாமும் குற்றவாளியே. முத்துக்குளித்துறையின் முழு வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதிவிட வேண்டும் என்பது நம் குறிக்கோளாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் நாளில் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அதை எழுதினோம். போர்த்துக்கீசர் ஆவணங்களுக்கு மொழி கற்க வேண்டும், உரோமையில் உள்ள மடல்களைப் பார்க்க வேண்டும், முதற்பாகம் முடிந்த பிறகே இந்த நூற்றாண்டுக்கு வர வேண்டும் என்று வரிசை வைத்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முதற்பாகத்தில் எழுதி முடித்தது ஓர் அத்தியாயம். இதற்கிடையில் 1955-க்கும் 1961-க்கும் இடையே நடந்த குளிப்புகளில் இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அடக்கமானார்கள். பனிமய மாதா கோவில் வாசலில் ஞாயிறுதோறும் அவர்களைக் கண்டோம், தோத்திரம் சொன்னோம். மூன்றாம் பாகத்தில் அல்லவா அவர்கள் வருகிறார்கள், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தோம். எந்த மக்களுக்காக அந்த நூலை எழுத நினைத்தோமோ அவர்களையே கேளாமல் இருக்க அந்த நூல் நமக்குச் சாக்காயிற்று. இதைவிடக் கேடான குறிக்கோள் எதுவும் நமக்கு வாய்த்ததில்லை. ஆனால் விடாமுயற்சி என்று அதை நாமே மெச்சிக்கொண்டிருந்தோம்.

சென்ற மாதம் அந்தக் குறிப்பேடுகளை எல்லாம் கட்டி, வரலாறு பயிலும் ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டோம். அவள் அவற்றை வைத்து என்ன செய்தாலும் சரி. திரேஸ்புரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1961-ல் இறங்கியபோது அவருக்கு இருபது வயது. இப்போது காது சற்று மந்தம். ஞாயிறு முதற்பூசைக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். உரக்கப் பேச வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.