அலி தேர்ந்தெடுத்த எதிரிகள்

1980-ல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் முஹம்மது அலி மோதியதை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அது வெறும் காட்சிப் போட்டிதான்.

அலி எளிய எதிரிகளுடன் மோதிப் பட்டத்தைக் காத்தார் என்ற விமர்சனம் உண்டு. 1976-ல் கூப்மேன், டன் ஆகியோருடன் நடந்த போட்டிகளைப் பார்த்தால் அதில் உண்மையும் உண்டு. ஆனால் லிஸ்டன், ஃபிரேசியர், நார்ட்டன், ஃபோர்மேன் என அக்காலத்தின் பலசாலிகளை அவர் தவிர்க்கவில்லை. 1971-ல் தன்னைத் தோற்கடித்த ஃபிரேசியருடன் மேலும் இருமுறை மோதி வென்றார். அதே ஃபிரேசியரை 'கொரில்லா' என்று இழிவுபடுத்தியது தவறு. அதற்காக அலியே பின்னாளில் வருந்தினார். நாம் அதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய பெருமை, யாருடன் மோத மறுத்தார் என்பதிலும் இருக்கிறது. தமக்குத் தீங்கு செய்யாத வியட்நாம் மக்களை எதிரியாக ஏற்க முடியாது என்று 1967-ல் ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது, மூன்றாண்டுகளுக்கும் மேல் குத்துச்சண்டை மேடை மறுக்கப்பட்டது. 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரது தண்டனையை ரத்து செய்தது.

அக்கம்பக்கத்தாரே எதிரிகளாக்கப்பட்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைக் கண்டது நம் குமரி மாவட்டம். யாரோ கைகாட்டுபவரை எதிரியாக ஏற்க மறுப்பதும் வீரமே என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.